வின்சைக் கழற்றலாம், பொறுப்பைக் கழற்றலாமா?

(பைராம் தோட்டக் கிராணி ஒருவர் எழுதுவது)

தோழர்களே,

சென்ற மாதம் வேறொரு தோட்டத்தின் கிளைச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். வயதில் மூத்தவர். முப்பது வருடம் பால் வெட்டிய கை. வந்தவர் தேநீரைக்கூடத் தொடவில்லை.

"தம்பி, எங்கள் துரை ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி லோரி எடுத்திருக்கிறார். அதற்குக் கழற்றி மாட்டுகிற வின்சு போடப் போகிறார்களாம். பிரட்டுக் களத்தில் இதே பேச்சு. வேலை மிச்சமாகும் என்கிறார்கள் சிலர். ஆளைக் கொல்லும் என்கிறார்கள் சிலர். சங்கம் இதை எதிர்க்க வேண்டுமா, ஏற்க வேண்டுமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்" என்றார்.

"ஏற்கலாம், அண்ணே. ஆனால் அந்த வின்சு லோரியில் ஏறும் முன்பே நம்முடைய நிபந்தனைகள் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும்" என்றேன். அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமென்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வின்சு யாருக்கு வேண்டும்?

இயந்திரம் என்றாலே எதிர்ப்பவன் தொழிலாளி என்று ஓர் அவதூறு உண்டு. அது பொய். மழைக்காலத்தில் தோட்டச் சாலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எங்கள் தென் செபராங் பிறை வட்டாரத்தில் கடலோரக் களிமண். மேட்டுத் தோட்டங்களில் செம்மண். எதுவானாலும் மழை பெய்தால் லோரிச் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். பால் ஏற்றிய வண்டி அப்படிப் புதைந்தால் என்ன நடக்கிறது? தண்டல் ஓடிவந்து நிரையில் நிற்கும் ஆட்களைக் கூப்பிடுவார். இருபது பேர் வெட்டை விட்டுவிட்டுத் தள்ளப் போவார்கள். தள்ளிய நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வண்டி ஸ்டோருக்குப் போய்ச் சேருவதற்குள் தொட்டியிலுள்ள பால் திரிந்துவிடும். திரிந்த பாலுக்கு ஒட்டுப்பால் விலைதான். நட்டம் தோட்டத்துக்கு மட்டுமா? நமக்கும்தான்.

மறுநடவிலும் வின்சுக்கு வேலை உண்டு. பட்டுப்போன கித்தா மரத்தை வெட்டி, அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்டால் வெள்ளை வேர் நோய் அந்தக் கட்டையில் குடியிருந்து புதுக்கன்றுக்குப் பரவும். வேரோடு இழுத்துப் போடுவதே நல்லது. அதற்கு ஆள்பலம் போதாது. புயலில் சாலையின் குறுக்கே விழுந்த மரத்தை இழுக்கவும், பள்ளத்தில் சாய்ந்த டிராக்டரை மீட்கவும் வின்சு வேண்டும். ஆகவே வின்சு நமக்குப் பகையன்று.

மலை ராஜா கற்பித்த பாடம்

பழைய ராணுவ லோரியில் வின்சு பூட்டுவது இந்த நாட்டுக்குப் புதிதுமன்று. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபின் ராணுவம் கழித்து விற்ற லோரிகளை மரத் தொழில் தவ்கேகள் வாங்கினார்கள். சட்டத்தைப் பலப்படுத்தி, எஞ்சின் சக்தியாலேயே சுழலும் வின்சைப் பொருத்தி, காட்டில் வெட்டிய பெருமரங்களை மாத்தாவ் என்னும் மரக்கிடங்கு வரை இழுத்துவந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் அந்த வண்டிக்குச் 'சான் தாய் வோங்' என்று பெயர் வைத்தார்கள். மலைக்கு ராஜா என்று பொருள். மலாய்க்காரர்கள் அதையே 'லோரி ஹந்து', பேய் லோரி என்றார்கள். ஒரே வண்டி, ஒருவர் கண்ணுக்கு ராஜா, இன்னொருவர் கண்ணுக்குப் பேய். இயந்திரம் என்றால் அப்படித்தான்!

அந்த ராணுவ லோரிகள் சாதாரணப் பிறவிகளல்ல. அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் ஆறு சக்கர இயக்க லோரி போர்க்காலத்தில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அவற்றுள் ஒரு பகுதிக்கு முன்புறத்தில் 10,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய நாலரை டன் இழுக்கும் வின்சு தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது. கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு தண்டு வின்சுக்கு ஓடும். அந்தத் தண்டை வின்சோடு இணைக்கும் இடத்தில் வேண்டுமென்றே பலவீனமான ஓர் ஊசி வைத்திருந்தார்கள். பாரம் அளவை மீறினால் அந்த ஊசி முதலில் ஒடிந்துவிடும். கயிறும் பற்சக்கரமும் ஆளும் தப்பித்துக்கொள்ளலாம்.

ஒடிந்த ஊசிக்குப் பதிலாகக் கெட்டியான இரும்பு போல்ட்டை மாட்டி, "இனி ஒடியாது பார்" என்று சிரிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஒடிய வேண்டியது ஒடியாவிட்டால், ஒடியக்கூடாதது ஒடியும். தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தை மறவாதீர்கள்.

கழற்றும் வின்சு எதற்கு?

இப்போது வருவது வேறு மாதிரி வின்சு. லோரியின் முன்னும் பின்னும் சதுரக் குழாய் ஒன்றைச் சட்டத்தோடு பிணைத்து வைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு அங்குலக் குழாய். வின்சு தனியாக ஒரு தாங்கியில் இருக்கும். தாங்கியின் வாலைக் குழாய்க்குள் செருகி, குறுக்கே ஓர் ஊசியை அடித்து, மின்கம்பியை மாட்டினால் வேலை தயார். வேலை முடிந்தால் கழற்றி ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிடலாம்.

நன்மை உண்டு; மறுக்கவில்லை. லோரி முன்பக்கமாகவும் தன்னை இழுத்துக்கொள்ளலாம், பின்பக்கமாகவும் இழுத்துக்கொள்ளலாம். ஒரு வின்சை இரண்டு மூன்று லோரிகளுக்கு மாற்றி மாட்டலாம். மழையில் துருப்பிடிக்காது. திருடன் கைக்கும் போகாது. பழைய லோரியின் முன் அச்சு எந்நேரமும் கூடுதல் பாரம் சுமக்க வேண்டியதுமில்லை. சிக்கனம் பார்க்கிற துரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் மலை ராஜாவின் வின்சு வண்டியோடு பிறந்தது போல் நிலையாக இருந்தது. யார் வந்து பார்த்தாலும் கண்ணில் படும். கழற்றும் வின்சு அப்படியல்ல. இன்று இருக்கும், நாளை இராது. காலையில் ஒருவர் மாட்டுவார், மாலையில் வேறொருவர் கழற்றுவார். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தவறாக மாட்டுவதற்கு ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பொறுப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுவதற்கு ஒரு வாய்ப்பு!

நான் எழுதிய ஒரு வரி

இதை ஏட்டறிவால் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் நான் இளங்கிராணியாக இருந்தேன். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கேயும் ஒரு பழைய லோரி, கழற்றும் வின்சு. மழை நாளில் பால் வண்டி புதைந்தது. வின்சைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்குரிய ஊசி காணவில்லை. முந்தைய நாள் கழற்றியவர் எங்கே வைத்தாரோ! அவசரத்தில் கட்டடத்துக்குப் போடும் கம்பித் துண்டு ஒன்றைச் செருகினார்கள். நேராக இழுக்க இடமில்லாமல் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தார்கள். கம்பி வளைந்தது, பிறகு அறுந்தது. வின்சு தாங்கியோடு குழாயை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெட்டுத் தொழிலாளியின் காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

அன்று மாலைக்குள் வின்சு கழுவி எண்ணெய் போட்டு ஸ்டோரில் வைக்கப்பட்டது. மறுநாள் விசாரிக்க வந்தவர் பார்த்தது வெறும் லோரி. கம்பித் துண்டை யாரும் காட்டவில்லை. விபத்துப் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் மேலே இருந்தவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "தொழிலாளியின் கவனக்குறைவு. நிற்கக்கூடாத இடத்தில் நின்றார்."

நிற்கக்கூடாத இடம் எது என்று அவருக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. கோடு போட்டார்களா? இல்லை. விசில் ஊதினார்களா? இல்லை. ஆனால் புத்தகத்தில் குற்றவாளி அவர்தான். சொக்சோ உதவித்தொகை வந்தது; உண்மை. ஆனால் மேட்டில் ஏறி மரம் வெட்ட அந்தக் காலால் முடியவில்லை. ஸ்டோரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். என்னைக் கண்டால் அவர் இன்றும் "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த வரியை எழுதியது என் கை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கே ஒடிகிறது?

பழைய லோரியில் வின்சு பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள இஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை.

முதலாவது, சட்டம். வின்சு இழுக்கும் பாரம் முழுவதும் லோரியின் நெடுஞ்சட்டத்தில் இறங்க வேண்டும். முன்தடுப்பில் பற்றவைத்தால் தடுப்பு கையோடு வந்துவிடும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது. அங்கேதான் இழுவிசை அதிகம். நடுப்பக்கத்தில் தகடு வைத்துக் கெட்டியான போல்ட்டால் பிணைக்க வேண்டும். அதற்கு முன் பழைய சட்டத்தைச் சுரண்டித் துருவும் வெடிப்பும் உண்டா என்று பார்க்க வேண்டும். அறுபது வயதுச் சட்டத்துக்குப் புதுச்சாயம் அடித்தால் வயது குறைந்துவிடாது.

இரண்டாவது, அளவு. 1953 முதல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட பெட்போர்ட் ஆர்.எல். போன்ற மூன்று டன் லோரி வெறும் வண்டியாகவே நான்கு டன் அளவு இருக்கும். பாரத்தோடு ஏழு டன். வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்சு வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் பத்தரை டன்! இரண்டு பேர் தூக்கி மாட்டும் வின்சோ நாலு, நாலரை டன் ரகம். அதுவும் உருளையில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது மட்டுமே அந்தப் பலம். நான்காவது அடுக்கு ஏறும்போது பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நடுவில் ஒரு கப்பி போட்டுக் கயிற்றை மடக்கி இழுத்தால் பலம் ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். ஆனால் கப்பியைக் கட்டிய இடத்துக்கும் இரட்டைப் பாரம் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே புதைந்த லோரியைப் பாரத்தோடு இழுக்கச் சொன்னால், முதலில் பாரத்தை இறக்கு, சக்கரத்துக்கு முன் மண்ணை வெட்டு என்பதே சரியான பதில்.

மூன்றாவது, மின்சாரம். பழைய ராணுவ லோரிகளில் சில 6 வோல்ட், சில 12, சில 24. கடையில் வாங்கும் வின்சு 12 அல்லது 24. மாற்றி மாட்டினால் ஒன்று இழுக்காது, அல்லது எரிந்துபோகும். 12 வோல்ட் வின்சு முழுப்பாரத்தில் 400 ஆம்பியர் வரை குடிக்கும். பழைய டைனமோ கொடுப்பதோ சில பத்து ஆம்பியர்தான். பத்து வெள்ளிச் சம்பளக்காரன் நானூறு வெள்ளிக்குச் செலவு செய்வது போன்றது இது. பேட்டரி பாதி இழுவையில் செத்துவிடும். மெல்லிய கம்பி போட்டால் உருகித் தீப்பிடிக்கும். தடித்த கம்பி, பேட்டரி அருகில் துண்டிக்கும் சுவிட்சு, இடைவிட்டு இடைவிட்டு இழுத்தல் இவை மூன்றும் கட்டாயம்.

நான்காவது, கயிறு. கம்பிக்கயிற்றில் இழை அறுந்து முள் முள்ளாக நின்றால் அதை வெட்டி எறிய வேண்டும், முடிச்சுப் போடக்கூடாது. உருளையில் குறைந்தது ஐந்து சுற்றாவது எப்போதும் மீதி இருக்க வேண்டும். கயிற்றைத் தோல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. இழுபடும் கயிற்றைத் தாண்டக்கூடாது. நடுக்கயிற்றில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டால், அறுந்தாலும் வீச்சு ஓரளவு தணியும். வெளியே விட்ட கயிறு இருபது மீட்டரானால், அதைவிட அதிகத் தூரத்தில்தான் ஆட்கள் நிற்க வேண்டும். கப்பி போட்டிருந்தால் கயிறு மடங்கும் கோணத்தின் உட்பக்கம் யாருமே நிற்கலாகாது.

ஐந்தாவது, ஊசி. குழாய்க்குள் வின்சைப் பிடித்து நிறுத்துவது ஒரு விரல் தடிமனுள்ள இந்த ஊசி மட்டுமே. இதற்குப் பதில் ஆணி, கம்பி, திருகாணி எதுவும் கூடாது. ஊசியைச் சங்கிலியால் தாங்கியோடு கட்டி வைத்தால் காணாமல் போகாது. சங்கிலிக்கு எத்தனை வெள்ளி ஆகும்? ஒரு மனிதனின் காலுக்கு எத்தனை வெள்ளி ஆகும்?

சட்டம் நம் பக்கம்

1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ரத்தாகிவிட்டது. இனி இயந்திரத்துக்குக் கேள்வி கேட்பார் இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். தவறு. அது ரத்தான 2024 ஜூன் 1 அன்றே, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. தொழிலாளியின் பாதுகாப்புக்குப் பொறுப்பு முதலாளியே. அந்தக் கடமையில் தவறினால் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியாக இருந்தது. இப்போது 5 லட்சம் வெள்ளி. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அது கூடுகிறதா? அல்லது பெயர்ப்பட்டியல் மட்டும் சுவரில் தொங்குகிறதா?

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். இந்தோனேசியத் தோழனுக்கும் வங்காளதேசத் தோழனுக்கும் இதைச் சொல்லுங்கள். அறுந்த கயிறு கடவுச்சீட்டைப் பார்த்து அடிப்பதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

அந்த மூத்த தோழரிடம் எழுதிக் கொடுத்த கோரிக்கைகள் இவை:

1. வின்சு பூட்டும் முன் தகுதியுள்ளவர் லோரிச் சட்டத்தைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும்.

2. வின்சு, தாங்கி, குழாய், கப்பி ஒவ்வொன்றிலும் எத்தனை டன் என்று முத்திரை இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் குறைந்த எண்ணே அந்த லோரியின் அளவு.

3. பெயர் குறிப்பிட்டு இரண்டு பேருக்குப் பயிற்சி தர வேண்டும். அவர்களைத் தவிர வேறு யாரும் வின்சைத் தொடக்கூடாது. அந்தப் பொறுப்புக்குத் தனிப்படி தர வேண்டும்.

4. 'வின்சுப் புத்தகம்' ஒன்று வேண்டும். மாட்டியவர் யார், கழற்றியவர் யார், ஊசியும் கயிறும் எப்படி இருந்தன என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்திட வேண்டும்.

5. விபத்து நடந்தால் விசாரணை முடியும் வரை வின்சைக் கழற்றவோ நகர்த்தவோ கூடாது. காயம்பட்டவரை மீட்க வேண்டிய அளவுக்கு மட்டுமே விலக்கு.

6. வண்டி தள்ளவும் வின்சுக்குத் துணை நிற்கவும் வெட்டுத் தொழிலாளரை நிரையிலிருந்து இழுத்தால், அந்த நேரத்துக்குக் கூலி தர வேண்டும்.

இவற்றில் எது நியாயமற்றது? எது தோட்டத்தைத் திவாலாக்கும்? வின்சின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. "சிக்கனத்துக்காகத்தானே கழற்றும் வின்சு வாங்கினோம்" என்று நிர்வாகம் சொல்லலாம். சிக்கனம் வேண்டும். ஆனால் இரும்பில் செய்த சிக்கனத்தை எலும்பில் வசூலிக்கக்கூடாது.

கிராணித் தோழர்களுக்கு

கடைசியாக என் இனத்தாருக்கு ஒரு வார்த்தை. நாம் லோரியைத் தள்ளுவதில்லை, கயிற்றைப் பிடிப்பதில்லை. ஆனால் பேனா நம் கையில் இருக்கிறது. புத்தகத்தில் நாம் எழுதுவதுதான் பின்னால் வருகிறவர்களுக்கு உண்மையாக நிற்கிறது. மேலே இருப்பவர் 'கவனக்குறைவு' என்று சொன்னால், "யாருடைய கவனக்குறைவு, ஐயா?" என்று ஒரு முறை கேளுங்கள். ஊசியைப் பார்த்து எழுதுங்கள். கயிற்றைப் பார்த்து எழுதுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள். வேலை போய்விடுமோ என்று அன்று நான் பயந்தேன். பயந்தவன் நான் ஒருவன் என்பதால்தான் பயந்தேன். பத்துக் கிராணிகள் சேர்ந்து கேட்டால் யார் வேலையைப் பறிப்பார்கள்?

பால் வெட்டும் தோழர்களே! வின்சு வரட்டும். சேற்றில் புதைந்த வண்டி எழட்டும். ஆனால் மாட்டும்போது அருகில் சென்று ஊசியைப் பாருங்கள். இழுக்கும்போது தூரத்தில் நில்லுங்கள். முடிந்ததும் புத்தகத்தில் யார் கையெழுத்திட்டார் என்று கேளுங்கள்.

வின்சைக் கழற்றி ஸ்டோரில் வைக்கலாம். பொறுப்பைக் கழற்றி வைக்க ஒரு ஸ்டோரும் கிடையாது!